தண்ணீர் போன வழி

காருக்கு ஊற்றிய தண்ணீர் எங்கே போகிறது என்று தெரியாமல் ஒரு மாரிகாலம் முழுக்கப் பயந்துகொண்டு திரிந்தேன்.

வாரத்தில் இரண்டு நாள் என் கணவரை நாரந்தனையிலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்கு டயலிசிஸ் செய்யக் கூட்டிப்போக வேண்டும். நீரிழிவு முதலில் அவருடைய சிறுநீரகங்களைத் தின்றது, பிறகு கண்பார்வையிலும் கைவைத்தது. அதனால் கார் ஓட்டுவது என் பொறுப்பாயிற்று. போகும்போது ஏதாவது பேசிக்கொண்டு வருவார். திரும்பும்போது பிழிந்துபோட்ட வேட்டி மாதிரி இருக்கையில் கிடப்பார். அந்த நிலையில் அவரை பஸ்ஸில் ஏற்றி இறக்க முடியாது.

முதல் தடவை சூடு காட்டும் முள் ஏறியது பண்ணைப் பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால். இரு பக்கமும் கடல். ஒதுங்க ஒரு மரநிழல் இல்லை. காரை ஓரம்கட்டி, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தேன். காற்று கதவைத் திறக்கவிடாமல் தள்ளியது. றேடியேற்றர் மூடியைத் துணியால் பிடித்துத் திறந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிப்போயிருந்தது. கையிலிருந்த போத்தலை ஊற்றினேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவர் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நாளைக்கு இவ்வளவு தண்ணீர்தான் குடிக்கலாம் என்று டாக்டர் அளந்து கொடுத்திருந்த மனிதர். கார் தண்ணீரைக் குடிப்பதை அவர் பார்த்த பார்வையை என்னால் தாங்க முடியவில்லை. திரும்பி நின்றுகொண்டேன்.

அதற்குப் பிறகு பின்னிருக்கையில் எப்போதும் தண்ணீர்ப் போத்தல்கள் உருண்டன. சீமெந்துப் பையைப் பிரித்துக் காரின் கீழே விரித்துவைத்தேன். விடிய எழுந்து பார்த்தால் ஒரு சொட்டு ஈரமில்லை. ஆனால் தண்ணீர் குறைந்திருக்கும்.

வேலணையில் கராஜ் வைத்திருந்தவர் முன்பு வளைகுடாவில் வேலைசெய்துவிட்டு வந்தவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அக்கா, வெளியாலை ஒழுகேல்லை எண்டால் உள்ளுக்குத்தான் போகுது. ஹெட் கஸ்கெற்றாத்தான் இருக்கும். காலமை புகை வெள்ளையா வருதோ?"

"ஓம், வருது."

"அப்ப அதுதான்."

எஞ்சினின் மேல்பாதிக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவில் ஒரு தகடு இருக்கிறதாம். அது விட்டுப்போனால் தண்ணீர் நெருப்பு எரிகிற இடத்துக்குள் போய் ஆவியாகிவிடுமாம். தலைப்பகுதியைக் கழற்றி யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோய்ச் சீவ வேண்டும். எத்தனை நாள் ஆகும் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

"நடுறோட்டிலை திடீரெண்டு நிண்டுபோமோ?" என்று கேட்டேன்.

"சொல்லேலாது அக்கா."

அந்த ஒரு சொல் என்னோடு வீட்டுக்கு வந்தது. சோறு வடிக்கும்போதும் அதுவே காதில் நின்றது. டயலிசிஸ் ஒரு தவணை தவறினால் அவருக்கு மூச்சு இழுக்கும். அதை ஒருமுறை பார்த்தவள் நான்.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அதை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. டயலிசிஸ் முடிந்து வரும்போது அவருக்குக் குளிரும். கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏசித் திருகியைச் சிவப்புப் பக்கம் திருப்பிச் சூடான காற்றை விடுவேன். அப்போது காருக்குள் ஒரு இனிப்பு மணம் வரும், பழம் அழுகத் தொடங்கினாற்போல. வாயில் பழமணம் வந்தால் உடனே கூட்டிவரச் சொல்லி, நீரிழிவு கிளினிக்கில் ஒரு தாதி முன்பே எச்சரித்திருந்தார். மெல்ல அவர் பக்கம் சாய்ந்து மூச்சை மோந்து பார்ப்பேன். ஒன்றும் பிடிபடாது. முன்கண்ணாடியின் உட்பக்கம் எண்ணெய்ப் படலம் மாதிரி மங்கும். உப்புக்காற்று என்று நினைத்துத் துடைத்துவிட்டு ஓட்டுவேன்.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே, அல்லைப்பிட்டிக்கு வரமுன்பே முள் சிவப்பைத் தொட்டது. ஆறவிட்டு, தண்ணீர் விட்டு, வேலணைக்கே திரும்பினேன்.

"கழட்டுறதெண்டால் இண்டைக்கே கழட்டுங்கோ. நான் ஓட்டோ பிடிச்சு இவரைக் கொண்டுபோறன்," என்றேன்.

"பொறுங்கோ அக்கா. கழட்டமுதல் சோதிச்சுப் பாப்பம். பிழையாக் கழட்டினால் எனக்கும் பாவம்."

எஞ்சின் எண்ணெய் அளக்கும் கம்பியை இழுத்துப் பார்த்தார். தண்ணீர் கலந்தால் பாற்தேநீர் நிறத்தில் இருக்குமாம். கறுப்பாக, கலப்பில்லாமல் இருந்தது. றேடியேற்றர் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஓடவிட்டார். தகடு விட்டிருந்தால் குமிழி குமிழியாகக் கிளம்ப வேண்டும். இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு குனிந்து பார்த்தோம். தொடக்கத்தில் ஏதோ கிளம்பியது. பிறகு அடங்கித் தண்ணீர் அசையாமல் நின்றது. பிளக்குகளைக் கழற்றினார். நான்கும் ஒரே மண்ணிறம்.

"தண்ணி உள்ளுக்குப் போய் எரிஞ்சால் ஒண்டெண்டாலும் கழுவினமாதிரி இருக்கோணும்," என்று முணுமுணுத்தார். அவருக்கே இப்போது நிச்சயமில்லை.

கடைசியாக ஒரு கைப்பம்பை றேடியேற்றரில் பூட்டிக் காற்றடித்தார். பம்பின் முள் ஏறி, பிறகு மெதுவாக இறங்கத் தொடங்கியது; எங்கோ ஒழுகுகிறது என்று அர்த்தமாம். குனிந்து காருக்கடியில் பார்த்தோம். ஈரமே இல்லை.

என் கணவர் களைப்பில் முன்னிருக்கையிலேயே இருந்தார். அப்போது என்னைக் கூப்பிட்டார், கராஜ்காரருக்குக் கேட்காத குரலில்.

"இஞ்சை வாரும். திரும்பவும் என்ர காலிலை இருந்து வடியுது."

"என்ன வடியுது?"

"தண்ணிதான். கன நாளா. கால் வீக்கத்திலை தோல் வெடிச்சுத் தண்ணி வருமெண்டு வாட்டிலை ஆரோ சொன்னவை. உமக்குச் சொன்னால் பயப்பிடுவீர் எண்டு மறைச்சனான். ஆஸ்பத்திரியிலை சொக்ஸைக் கழட்டிப் பிழிஞ்சுபோட்டுத் திரும்பப் போடுவன்."

தரையில் முழங்காலூன்றி இடது காலைப் பிடித்தேன். சொக்ஸ் ஊறியிருந்தது. விரலில் வழுவழுத்தது. இளம்பச்சை. மூக்கருகே கொண்டுபோனேன். அதே பழமணம்.

"தம்பி, இதை வந்து பாருங்கோ!" நான் கத்தியது வீதிவரை கேட்டிருக்கும்.

கராஜ்காரர் விரிப்பைக் கிளப்பினார். அடியில் குளமாக நின்றது. டாஷ்போர்ட்டுக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"ஹீற்றர் பெட்டி ஓட்டை அக்கா! சுடுதண்ணி உள்ளுக்கு வந்து காத்தைச் சூடாக்கிற சாமான். றேடியேற்றர் தண்ணியிலை கூலன்ற் மருந்து கலந்திருக்கு, அதுதான் பச்சையும் இனிப்பு மணமும். இந்த வெக்கைக்குள்ளை இதை ஆர் பாவிக்கினம்? எனக்கு யோசனையே வரேல்லை. வெள்ளைப் புகை மாரிப் பனிக்கு வந்தது. ஹெட் கஸ்கெற் நல்லாத்தான் கிடக்கு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. மணம் அவருடைய மூச்சிலிருந்து இல்லை. தண்ணீர் அவருடைய காலிலிருந்தும் இல்லை. "நீங்கள் வடியுறீங்கள் எண்டு நீங்கள் பயந்தனீங்கள். நீங்கள் மணக்கிறீங்கள் எண்டு நான் பயந்தனான்," என்றேன். அவரும் சிரித்தார். சிரித்தபடியே சொக்ஸை இழுத்துக் கழற்றினேன்.

சிரிப்பு அங்கேயே நின்றது. பாதத்தின் மேற்புறம் சிவந்து, நடுவில் ஒரு பெரிய கொப்புளம். பக்கத்தில் இன்னொன்று உடைந்து தோல் சுருண்டிருந்தது.

"சுடேல்லையே உங்களுக்கு?"

அவர் காலைக் குனிந்து பார்த்தார், வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல. "இல்லை," என்றார். பிறகு, "அந்தக் காலிலை கொஞ்ச நாளா ஒண்டும் தெரியிறேல்லை," என்றார்.

நீரிழிவுக்காரரின் கால் புண்ணில் தொடங்கி எங்கே முடியும் என்று எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். கராஜ்காரரும் பார்த்துவிட்டார். ஹீற்றருக்குப் போகும் இரண்டு குழாய்களையும் கழற்றி ஒன்றோடொன்று பொருத்தி இறுக்கினார், திரும்பப் பம்படித்தார். முள் அசையவில்லை.

"போங்கோ அக்கா. இப்ப பயமில்லாமல் போகலாம்."

காருக்காகப் பயப்படாமல்தான் போனேன். பாலத்தில் ஒருதடவையும் முள்ளைப் பார்க்கவில்லை. சுத்தமான சேலைத் துண்டில் சுற்றிய அவருடைய கால் என் பக்கம் நீண்டு கிடந்தது. அதையும் வீதியையும் மாறி மாறிப் பார்த்தபடி ஓட்டினேன். கண்ணாடியைத் திறந்துவிட்டிருந்தோம். கடற்காற்றுக்கு அவர் நடுங்கினார்.

டயலிசிஸ் அன்றைக்குப் பிந்தித்தான் கிடைத்தது. புண்ணைப் பார்த்த டாக்டர் என்னைப் பார்த்து, "இன்னும் கொஞ்சநாள் பிந்தியிருந்தால்..." என்று தொடங்கி, முடிக்காமல் மருந்து கட்டச் சொன்னார். புண் ஆறப் பங்குனி வரை சென்றது. ஒரு கட்டத்தில் சின்னவிரலை எடுக்கவேண்டி வரலாம் என்றும் சொன்னார்கள். எடுக்கவில்லை. புதுத்தோல் இளஞ்சிவப்பாக வந்து மூடியது.

இப்போதும் அவர் சொக்ஸைக் கழற்றும்போது அருகே போய் நிற்பேன். "ஒண்டுமில்லை," என்பார். "காட்டுங்கோ," என்பேன். காட்டுவார்.