யானைக்குப் பின்னால் ஒரு சிப்பாய்

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாடாங் மேஹா பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் செஸ் போட்டி நடந்தது. நான் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் கியூசி. எலக்ட்ரானிக் போர்டுகளைக் கண்ணால் பார்த்தே குறை கண்டுபிடிப்பதுதான் வேலை. பதினாறு வருஷமாக அதையே செய்வதால் என் கண்ணைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. போட்டிக்கு நடுவரும் நான்தான். கேட்கவா வேண்டும்!

கடைசிச் சுற்று இழுத்துக்கொண்டே போனது. ஒரு மணிக்கு அன்னதானம். செஸ் பலகைகள் இருந்த அதே மேசைகளில்தான் வாழையிலை போட வேண்டும். மற்ற ஆட்டமெல்லாம் முடிந்து ஒன்று மட்டும் பாக்கி. ஒரு பக்கம் பண்டார் பாருவிலிருந்து வந்த அக்கா, எதிரே அலோர் ஸ்டார் வாத்தியார் ஒருவர். ஜெயிப்பவருக்குத்தான் மாநிலக் குழுவில் இடம்.

அந்த அக்காவுக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. டெலிபோன் ஆபரேட்டராக வேலை செய்கிறார். மூன்று தடவை கடைசிச் சுற்று வரை வந்து தோற்றுப் போனதைக் காலையில் சிரித்துக்கொண்டே சொன்னார். வாத்தியாருக்குச் சாதாரணப் பலகை. அக்காவுக்குக் காய்களைத் துளையில் செருகி, தடவிப் பார்த்து ஆடும் பலகை. காய் நகர்த்தும்போது வாய்விட்டுச் சொல்வார்கள், இரண்டு பலகையிலும் ஒரே ஆட்டம் ஓடும்.

சாம்பார் வாளியோடு ஆட்கள் வந்து நின்றுவிட்டார்கள். கடிகாரத்தை நிறுத்துங்கள், சாப்பிட்டுவிட்டுத் தொடரலாம் என்றேன். அக்கா பலகையையாவது அப்படியே எடுத்து வைக்கலாமே என்று யாரோ சொன்னார்கள். அதெப்படி, சாப்பாட்டு நேரத்தில் ஒருவர் மட்டும் தடவித் தடவி யோசிப்பதா, இரண்டையும் கலைத்துவிடுவோம் என்று அதிகாரமாகச் சொன்னேன். மேசையின் வலது ஓரத்தில் உட்கார்ந்தபடியே போனை எடுத்து வாத்தியாரின் பலகையை ஒரே கிளிக்!

காய் இருக்கும் இடத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் எழுதி, படித்துப் பார்த்து, மூன்று பேரும் ஒத்துக்கொண்ட பிறகு கலைக்கலாமே என்று அக்கா கேட்டார்.

“போட்டோ இருக்கு லா அக்கா, கவலைப்படாதீங்க” என்றேன்.

அவர் வாதாடவில்லை. லேப்டாப்பைத் திறந்து ஒரு காதில் இயர்போன் வைத்துக்கொண்டார். இடது கை பலகையில் ஓடுகிறது, வலது கை தட்டுகிறது. நான் இலைக்கட்டை வாங்கிக் கீழே வைப்பதற்குள் என் போன் துடித்தது. காலையில் பதிவுக்காக நான் கொடுத்த நம்பருக்கு அக்கா மெசேஜ் அனுப்பியிருந்தார். எழுத்தும் எண்ணும் சாய்கோடுமாக ஒரே ஒரு வரி, ஏதோ பாஸ்வேர்டு மாதிரி இருந்தது. தெரியாமல் கைபட்டுப் போயிருக்கும் என்று மூடி வைத்துவிட்டேன். பலகைகளைக் கலைத்தேன், பாயாசம் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன்.

சாப்பாடு முடிந்ததும் போட்டோவைப் பார்த்துக் காய்களை அடுக்கினேன். நான் சொல்லச் சொல்ல அக்காவும் தன் பலகையில் செருகினார். முடிந்ததும் ஒருமுறை தடவினார். விரல் ஓரத்தில் நின்றது.

“தம்பி, என் சிப்பாய் ஒண்ணு குறையுது.”

வாத்தியாரைக் கேட்டேன். அவசரத்தில் மாற்றி மாற்றி வெட்டிக்கொண்டோம், நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டேன்: “அக்கா, இது நான் கண்ணால பார்த்து எடுத்த போட்டோ.”

சொன்ன அடுத்த நொடியே என்ன பேசிவிட்டேன் என்று எனக்கு உறைத்தது. ஆனால் சொன்னதை விழுங்க முடியுமா? அக்கா கோபப்படவே இல்லை.

“சாப்பாட்டுக்கு முன்னாடி ஒரு மெசேஜ் அனுப்பினேனே, அதைச் சத்தமாப் படிங்க. அனுப்பின நேரத்தையும் பாருங்க.”

பார்த்தேன். பன்னிரண்டு ஐம்பத்தாறு. அப்போது பலகை கலையவே இல்லை! அக்கா விளக்கினார்: மேலிருந்து வரிசை வரிசையாக எழுதுவது. பெரிய எழுத்து வெள்ளைக் காய், சின்ன எழுத்து கறுப்புக் காய், எண் வந்தால் அத்தனை கட்டம் காலி. காயும் காலியும் சேர்ந்து வரிசைக்கு எட்டு வர வேண்டும். தட்டும் ஒவ்வோர் எழுத்தையும் கம்ப்யூட்டர் காதில் சொல்லிவிடுவதால் தப்பு வந்தால் உடனே தெரிந்துவிடுமாம்.

நாலாவது வரிசையைப் படித்தேன். பெரிய பி, பெரிய ஆர், நாலு, சின்ன பி, ஒண்ணு. விரல் விட்டு எண்ணினேன், எட்டு. பி என்றால் சிப்பாய், ஆர் என்றால் யானை. ஓரத்தில் அக்காவின் வெள்ளைச் சிப்பாய், பக்கத்தில் யானை. நான் அடுக்கியதில் யானை மட்டும் தனியாக நின்றது.

போட்டோவைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். ஐயோ கடவுளே! யானைக்குப் பின்னால், நகத்துண்டு அளவுக்கு, சிப்பாயின் உருண்டைத் தலை. தாழ உட்கார்ந்து பக்கவாட்டில் எடுத்ததில் யானை அதை மறைத்துவிட்டது. “இருக்கு, இருக்கு!” என்று நானே ஜெயித்த மாதிரி கத்தினேன். வாத்தியார் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு, அந்தச் சிப்பாயைத் தன் கையாலேயே எடுத்து வைத்தார்.

அப்புறம் நடந்ததுதான் ஆட்டம்! அந்தச் சிப்பாய், யானையைத் துணைக்கு வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக ஏறியது. கை கழுவப் போனவர்கள் ஈரக்கையோடு வந்து நின்றார்கள், பரிமாறிய அண்ணன் கரண்டியோடு நின்றார். கடைசிக் கட்டம் தொட்டு அது ராணியானபோது வாத்தியார் தோல்வியை ஒப்புக்கொண்டு கடிகாரத்தை நிறுத்தினார். கையை நீட்டியவர், நினைவு வந்து, அக்காவின் கையைத் தானே பிடித்துக் குலுக்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மன்னிப்புக் கேட்டேன். அக்கா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தேவலை. பஸ் வருவதற்குள் கற்றுக்கொள்ளுங்கள் என்று லேப்டாப்பை என் பக்கம் தள்ளி, அந்த வரியை எழுதச் சொல்லிக் கொடுத்தார். இப்போது எங்கள் போட்டிகளில் ஆட்டம் பாதியில் நின்றால் முதலில் அந்த வரியைத் தட்டி, சத்தமாகப் படித்து, இருவரும் சரி என்ற பிறகுதான் காயில் கை வைக்கிறேன். வேலையிடத்திலும் “நான் கண்ணால பார்த்தேன்” என்று சொல்ல வாய் வரும்போதெல்லாம் யானைக்குப் பின்னால் நின்ற அந்தச் சிப்பாய் ஞாபகம் வருகிறது. கையிலிருக்கும் போர்டை இன்னொரு பக்கமும் திருப்பிப் பார்க்கிறேன்.