ஆளில்லாத வீடுகளின் புகை

பூட்டைத் திறந்து உள்ளே போகும்போது பெரியநாயகி குரல் கொடுத்துக்கொண்டேதான் போவாள். "யாரு வூட்ல?" பதில் வராது. ஆறிக்கிடக்கும் அடுப்பில் சருகைத் திணித்து ஊதி, மேலே கொஞ்சம் பச்சைத் தழையைப் போடுவாள். புகை எழும்பிப் புல்கூரைக்குள் புகும். "உன் வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டுக்கினு நிக்குது, தெரியுமா?" என்று அங்கில்லாதவளுக்குச் சேதி சொல்லிவிட்டு, இருமியபடி வெளியே வந்து அடுத்த வீட்டுச் சாவியைத் தேடுவாள்.

கல்வராயன் மலையில் அந்தச் சிற்றூரின் வீடுகளில் பாதிக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. பிள்ளைகுட்டிகளோடு கேரளத்து மிளகுத் தோட்டங்களுக்குப் போகிறவர்கள் சாவியை அவளிடம் விட்டுப்போவது வழக்கமாகிவிட்டது. புகை படாத கூரையைச் செல் அரித்துவிடும். "கூரை வுழுந்துட்டா அதுங்க எங்க திரும்பி வரும்?" என்பாள். சாவிக்கொத்தின் கனத்தில் அவள் சேலை எப்போதும் ஒரு பக்கம் இறங்கியே இருக்கும்.

ஊருக்குச் சாலை கிடையாது. மருமகள் மலர்விழியைப் பிரசவ வலியோடு தூளி கட்டித் தூக்கிப் போனார்கள். பாதி இறக்கத்திலேயே அவள் மூச்சு நின்று, தூளி கனத்துவிட்டது. காரியம் முடிந்த கையோடு மகன் மாயவனும் தோட்ட வேலைக்குப் போனவன்தான். அதன்பின் ஊர்க்காரர்களோடு சாலை கேட்டுப் போன பெரியநாயகியிடம், "இவ்ளோ கம்மி ஜனத்துக்கு ரோடு வராதும்மா" என்றார் ஓர் அதிகாரி. மற்றவர்கள் அதை மறந்துவிட்டார்கள்.

மக்கள்தொகைக் கணக்கெடுக்கச் சங்கராபுரத்திலிருந்து ஆசிரியை செந்தமிழ்ச்செல்வி மலையேறி வந்த காலையில் ஊரின் எல்லாக் கூரைகளும் புகைந்துகொண்டிருந்தன.

"இந்த வூட்ல ஆறு பேருங்க டீச்சர். கூலிக்குப் போயிருக்காங்க, பொழுது சாஞ்சா வந்துருவாங்க," என்றாள் பெரியநாயகி.

"எல்லா வூட்லயும் அடுப்பு எரியுது. ஒரு அடுப்பு மேலயும் சட்டியக் காணோமே?"

கோழிக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்த பக்கத்து வீட்டுச் சின்னராசு சிரித்தான். "அத்தை, அந்தத் திண்ணைப் பூனையையும் ஒரு ஆளா சேத்துடு. அதுவாச்சும் ஊர்லயே கெடக்குது."

"உன்னச் சேக்கறதுக்குப் பூனையவே சேக்கலாம்டா," என்றாள். பிறகு ஆசிரியையிடம் திரும்பினாள். "ஓட்டுக் கேக்க வர்றப்போ நாங்கல்லாம் இருக்கறோம். ரோடுன்னா மட்டும் இல்லாம பூடுவோமா?"

ஆசிரியை புகையைப் பார்த்தார்; கணக்குப் பதியும் போனை எடுத்தார். "நீங்க சொல்லுங்க. சொல்றதப் போட்டுக்கறேன்."

பெரியநாயகி சொல்லிக்கொண்டே போனாள். ஆந்திராவுக்குப் போய் வருடக்கணக்கில் தகவல் இல்லாதவன், திருப்பூரில் மில் வேலையில் இருக்கும் பெண், அங்கேயே பிறந்து இந்த மலையைப் பார்த்திராத குழந்தை என எல்லோரும் அன்று அவள் சொல்லில் ஊர் திரும்பினார்கள். ஒரு பெயரிலும் அவள் தடுமாறவில்லை.

கடைசியாக அவளுடைய வீட்டு வாசல்.

"உங்க வூட்ல எத்தினி பேரும்மா?"

"நானு. எம் மவன் மாயவன்." இரண்டு விரல்களை நீட்டினாள்.

"அவ்ளோதானா? மருமக?"

சின்னராசு தவிட்டுக் கையை உதறாமல் அப்படியே நின்றான். ஆசிரியையின் விரல் போன்மேல் காத்திருந்தது. எதைச் சொன்னாலும் பதிவாகிவிடும்.

பெரியநாயகியின் மூன்றாவது விரல் பாதி எழுந்தது. அப்படியே நின்றது. பிறகு மற்றக் கையால் அதைப் பிடித்து மெல்ல மடக்கிக்கொண்டாள்.