தூக்குவாளியில் வந்த முயல்

தூக்குவாளியைக் கழுவிப்போடலாமென்று, மேலே சாய்த்து வைத்திருந்த மூடியை எடுத்தேன். உள்ளேயிருந்து ரெண்டு கண்கள் என்னைப் பார்த்தன. காலையில் அதே வாளியில் தயிர்ச்சோறு வைத்து வயலுக்குக் கொடுத்தனுப்பியவள் நான். சோறு போன இடத்தில் கண் வந்தால் யாருக்குத்தான் பதறாது? நான் போட்ட சத்தத்துக்குத் தொழுவத்திலிருந்த மாடு பதில் குரல் கொடுத்தது.

"கத்தாத, பயந்துக்கிரும்" என்றார் வீட்டுக்காரர். நான் பயந்துபோனதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

உள்ளே அவருடைய துண்டு. துண்டுக்கு மேல் காட்டு முயல் குட்டி ஒன்று, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவில். மண் நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. அலங்காநல்லூர் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. அதில் ஒரு மூலையில் மாட்டுக்குத் தீவனப்புல் போட்டிருக்கிறோம். புல் அறுக்கப் போன மனுசன் புல்லுக்குள் இது தனியாக உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறார். உடனே அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்.

"புல்லு எங்க?"

"அறுக்கலை."

"அரிவா?"

வண்டியைத் திரும்பிப் பார்த்தார். அரிவாளும் இல்லை. முயல் கிடைத்த சந்தோசத்தில் அதை வயலிலேயே போட்டுவிட்டு வந்திருக்கிறார். மாடு விடாமல் கத்திக்கொண்டிருந்தது. எனக்கோ மறுநாள் முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய கல்யாண ஜாக்கெட் ஒரு கையோடு மிஷினில் கிடந்தது. வீட்டில் தையல் வேலை பார்க்கிறவளுக்கு முகூர்த்தத்துக்கு முந்தின நாளில் முயலெல்லாம் ஆகிற காரியமா? கொண்டுபோய் எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு வாங்க என்றேன்.

"தாயில்லாப் பிள்ளை. அதுவும் ஒரு கால் நொண்டி. எப்படி விட்டுட்டு வாரது?" என்றார்.

அப்போதுதான் குனிந்து பார்த்தேன். குட்டி ஒடுங்கி உட்கார்ந்திருந்ததில் பின்னங்கால் ஒன்று வயிற்றுக்கடியில் போயிருந்தது. வெளியே தெரிந்தது மூன்று. அவர் மூன்றென்றே முடிவு கட்டிவிட்டார். தான் பிடித்த முயலுக்கு மூணு கால் என்று கல்யாணமான நாள் முதல் இவரைத்தான் எல்லாரும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பழமொழி ஒருநாள் நிஜ முயலோடு வீடு வந்து சேருமென்று நான் நினைக்கவில்லை.

"நாலு கால் இருக்குங்க."

"மூணுதான் வேலை செய்யுது."

வெட்டுத்துணி போட்டு வைக்கும் அட்டைப்பெட்டிக்கு அதை மாற்றினார். பட்டுத்துணித் துண்டுகளுக்கு நடுவில் கல்யாணப் பெண் மாதிரி அது உட்கார்ந்தது. அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கோபம் பாதி, என்னவோ பாதி. எங்களுக்கு ஒரே மகள். அந்த ஆடியில்தான் அவளைக் கோயம்புத்தூரில் காலேஜில் சேர்த்து ஹாஸ்டலில் விட்டு வந்திருந்தோம். அதிலிருந்து இவர் வீட்டுக்குள் என்ன செய்வதென்று தெரியாமல் ஆணி பிடுங்கி ஆணி அடித்துக்கொண்டிருந்தார். பொழுது சாய அவள் போன் பண்ணுவாள். அதற்கு மத்தியானமே சார்ஜ் போட்டுக் காத்திருப்பார். அன்றைக்குத்தான் போன் நினைப்பே இல்லாமல் உட்கார்ந்திருந்தார்.

சேதி கேட்டுப் பக்கத்து வீட்டு அண்ணன் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். அவருக்கு முன்மண்டையில் முடி கிடையாது, பின்னால் இருப்பதைச் சீவி முன்னால் கொண்டுவருவார்.

"மாப்ள, முயல் ரத்தத்துல எண்ணெய் காய்ச்சித் தேச்சா முடி கருகருன்னு வளருமாம்ல" என்றார், குட்டியைப் பார்த்தபடியே தலையைத் தடவிக்கொண்டு.

"அண்ணே, இது உடம்புல இருக்க ரத்தம் உங்க ஒரு பக்க மீசைக்குக்கூடப் பத்தாது. போயி வேலையப் பாருங்க" என்றேன்.

"சும்மா சொன்னேன் தங்கச்சி. எம்புட்டுக் கோவம்!" என்று தலை மறைந்தது. கொஞ்ச நேரத்தில் அதே தலை மறுபடி வந்து, ஒரு டம்ளர் பசும்பாலை நீட்டியது. நல்ல மனுசன்தான்.

வீட்டுக்காரர் அந்தப் பாலில் துணியை முக்கிக் குட்டியின் வாயருகே கொண்டுபோனார். அது வாயைத் திறக்கவில்லை. மூக்கு மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது. விலாவைப் பார்த்தேன், வயிறு ஒட்டிக் கிடந்தது. இது நம் வீட்டில் வைத்துச் செத்துப்போய்விடும் என்று அப்போது நிஜமாகவே எனக்குப் பயம் வந்தது. குட்டி போனால் இவரும் நாலு நாளைக்குச் சோறு இறங்காமல் கிடப்பார்.

எங்கள் மாட்டைப் பார்க்க வரும் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"பால் ஊத்திட்டீங்களா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"இன்னும் குடிக்கலை, டாக்டரம்மா."

"ஊத்தவே ஊத்தாதீங்க. மாட்டுப்பால் அதுக்குச் சேராது, புரை ஏறுனாலும் போயிரும். கண்ணு திறந்திருக்கா? உடம்பெல்லாம் முடி இருக்கா?"

"இருக்கு."

"காட்டு முயல் பொறக்கும்போதே அப்படித்தான். தாய் குட்டியப் புல்லுக்குள்ள உக்கார வச்சிட்டுத் தள்ளிப் போயிரும். கூடவே இருந்தா நாய் நரிக்கு இடம் தெரிஞ்சுபோகும்ல. இருட்டுற நேரத்துக்கு வந்து பால் குடுத்துட்டுப் போகும். அது தாயில்லாப் பிள்ளை இல்லம்மா, நீங்கதான் தூக்கிட்டு வந்திருக்கீங்க."

"மனுசக் கை பட்டுருச்சே, தாய் சேத்துக்கிருமா?"

"சேத்துக்கிரும். கொஞ்சிக்கிட்டு மட்டும் இருக்காதீங்க, பயத்துலயே செத்துரும். பொழுது இறங்குறதுக்குள்ள எடுத்த இடத்துலயே விட்டுட்டுத் தள்ளி வந்துருங்க. வீட்டுல வச்சு வளத்தா கேஸாயிரும்."

"கால் நொண்டுதுங்கிறாரு."

"தரையில விட்டுப் பாருங்க. நெசமாவே அடிபட்டிருந்தா வனத்துறைக்குச் சொல்லணும்."

கதவைச் சாத்திவிட்டுப் பெட்டியைத் தரையில் சாய்த்தோம். குட்டி ஒரு விநாடி யோசித்தது. அடுத்த விநாடி அறையைக் குறுக்கே அளந்து தையல் மிஷின் பெடலுக்கடியில் போய் நின்றது. நாலு காலும் நாலு பக்கம் பறந்ததை என் கண்ணால் பார்த்தேன்.

"பார்த்தியா?" என்றார் அவர். "மூணு கால்லயே என்னா ஓட்டம்!"

இவரோடு இருபது வருசத்துக்கு மேலாகக் குடும்பம் நடத்தியதற்கு எனக்குக் கோயில் கட்ட வேண்டும். வாதாட நேரமில்லை. குட்டியைத் துண்டோடு அள்ளிப் பெட்டியில் வைத்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் பின்னால் ஏறினேன். கல்யாண ஜாக்கெட் ஒரு கையோடே கிடந்தது. வழி முழுக்க அவர் பள்ளம் மேடு பார்த்து, புதுமாப்பிள்ளை மாதிரி ஓட்டினார்.

வயலுக்குப் போனதும் புதுச் சிக்கல். புல் ஆள் உயரத்துக்கு நிற்கிறது. எந்த இடத்தில் எடுத்தார்? "இங்கதான்" என்றார். "இல்ல, அங்க" என்றார். வெயில் இறங்கிக்கொண்டே இருந்தது. தாய் வந்து தேடுகிற இடம் ஒன்று, நாங்கள் விடுகிற இடம் ஒன்று என்று ஆகிவிட்டால் அந்த ஒட்டின வயிறு என்ன ஆகும்? அவருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. நானும் புல்லை விலக்கி விலக்கிப் பார்த்துக்கொண்டு நடந்தேன். காலில் ஏதோ இடறியது. குனிந்து பார்த்தால் எங்கள் வீட்டு அரிவாள். பக்கத்திலேயே, வரப்பை ஒட்டிக் குட்டையாக நின்ற புல் அமுங்கி, ஒரு கைப்பிடி அளவுக்குக் குழிவாக இருந்தது. அதைப் போட்டுவிட்டு வந்ததற்காக நான் வைத வசவையெல்லாம் மனசுக்குள் திருப்பி எடுத்துக்கொண்டேன்.

குட்டியை அந்தக் குழிவில் வைத்தார். அது உடம்பை ஒடுக்கிக்கொண்டு மண்ணோடு மண்ணாகிவிட்டது. நாங்கள் வந்த வழியே திரும்பி, தூரத்தில் மோட்டார் ரூம் சுவரோரம் போய் உட்கார்ந்தோம். வீட்டுக்குக் கிளம்ப ரெண்டு பேருக்கும் மனசில்லை.

அந்த நேரம் பார்த்து அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. மகள். நாள் முழுக்க எந்தப் போனுக்காக உயிர் வாழ்கிறாரோ அந்தப் போனை அவர் கட் பண்ணினார். கட் பண்ணிவிட்டு என்னைப் பார்த்தார். நான் புல்லைக் கை காட்டினேன்.

இருட்டு விழுவதற்குச் சற்று முன்னால் வரப்பில் ரெண்டு நீளக் காதுகள் எழுந்தன. தாய் முயல் நின்று நின்று, மோந்து மோந்து வந்தது. அரிவாள் கிடந்த பக்கமாகப் புல் அசைந்தது. குட்டி எழுந்து வரப்போரம் தாயிடம் ஓடி வயிற்றுக்கடியில் நுழைந்தது. வெகுநேரமெல்லாம் இல்லை, ஒரு காப்பி குடிக்கிற நேரம்தான். தாய் வந்த வழியே போய்விட்டது. குட்டி அங்கேயே ஒடுங்கிக்கொண்டது.

அவர் மூக்கை உறிஞ்சினார். பிறகு போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார்.

"சாப்பிட்டியாத்தா?" என்று ரகசியம் போலக் கேட்டார். அவள் என்னவோ சொல்லிச் சிரித்தது எனக்கும் கேட்டது. "சரி சரி, நீ படி. நாளைக்குப் பொழுதுசாயப் பேசுவோம்" என்று அவரே போனை வைத்தார். அவராகப் போனை வைத்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பெட்டியை எடுத்துக்கொண்டு எழுந்தேன். அவர் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு காலை வச்சுக்கிட்டு ஆத்தாகிட்ட எப்படி ஓடுச்சு பாத்தியா?" என்றார்.

"ஆமாங்க," என்றேன். "மூணுதான்."