தாடைக்குப் போட்ட ஊசி

எனக்கு சின்ன வயசுலேர்ந்தே ரெட்டைத் தாடை. நிச்சயதார்த்த போட்டோ கைக்கு வர்ற வரைக்கும் அதை நான் சட்டையே பண்ணதில்ல. மாப்பிள்ளையோட அக்கா போட்டோவைப் பாத்து, பொண்ணு நல்லா சாப்புடும் போலன்னு சிரிச்சாங்களாம். அதைக் கொண்டாந்து எங்கிட்ட சொன்னவளுக்கு வேற வேலை இல்ல. கேட்டுக்கினு தூங்காம கெடந்த எனக்கும் புத்தி இல்ல. கல்யாணத்துக்கு இன்னும் மூணு மாசம் இருந்தது.

அப்போ வண்ணாரப்பேட்டையில ஒரு துணிக்கடையில சேல்ஸ்ல நின்னுகினு இருந்தேன். எதிர் மாடியில ஒரு பியூட்டி பார்லர். வாரத்துல ஒருநா டாக்டர்னு ஒருத்தர் வருவாரு, அவர் ஊசி போட்டா கொழுப்பு கரைஞ்சிடும்னு பார்லர்க்காரம்மா சொன்னாங்க. கரைஞ்சது எங்க போவும்னு கூட நான் கேக்கல. சாப்பாட்டு நேரத்துல ஓடிப் போயி, தாடைக்கு அடியில வரிசையா குத்திக்கினு வந்து, மறுபடி நின்னு புடவை விரிச்சேன்.

சாயந்தரம் தாடைக்கு அடியில நெருப்பு அள்ளிக் கொட்டின மாதிரி எரிஞ்சுது. மறுநாள் தவளை கணக்கா வீங்கிட்டேன். தொட்டா உள்ள புளியங்கொட்டை மாதிரி கட்டி கட்டியா இருக்கு, மேல தோல் மரத்துப் போயி கெடக்கு. இன்னாம்மா இதுன்னு அண்ணன் கேட்டுச்சு. சொத்தைப் பல்லுன்னேன். நம்பிடுச்சு.

எனக்குன்னு இருந்தது அந்த அண்ணன் ஒண்ணுதான். ஹார்பர்ல டிரெய்லர் ஓட்டும். மத்த நேரமெல்லாம் வியாசர்பாடியில எங்க ஹவுசிங் போர்டு மொட்டை மாடியில, புறாக் கூண்டாண்ட. அம்மாவுக்கு வாதம் வந்து வாய் கோணிக்கினப்போ, புறாவை அறுத்து சூடா ரத்தம் தடவுன்னு எல்லாரும் சொன்னாங்க. எங்க பக்கத்து வைத்தியம் அது. அண்ணன் அறுக்கல, ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கினு ஓடுச்சு. மூணாம் நாள் அம்மா போயிட்டாங்க. பெத்தவளை விட புறா பெருசா பூட்ச்சான்னு சாவு வூட்லயே ஒரு கெழவன் கேட்டுட்டுப் போனான். அதுக்கப்புறம் நாங்க அதைப் பத்திப் பேசினதே இல்ல.

ஊசி போட்ட அஞ்சாம் நாள் காலையில வாய் கொப்புளிக்கிறேன், தண்ணி ஒரு ஓரமா ஒழுகுது. கண்ணாடியில சிரிச்சுப் பாத்தா கீழ் உதடு ஒரு பக்கம்தான் அசையுது. வாய் கோணிப் போச்சு. ஒரு ரூபா காயின் போன்லேர்ந்து டாக்டருக்கு அடிச்சேன். மருந்து நரம்புல பட்டிருக்கும், ரெண்டு மாசத்துல தானா சரியாயிடும்னு அலுங்காம சொன்னாரு. கட்டையில போறவனேன்னு போனை வெச்சுட்டுத்தான் திட்டினேன்.

அன்னிக்கு சாயந்தரம் வாயை இறுக்கி மூடிக்கினுதான் சோறு போட்டேன். அண்ணன் எதையோ சொல்லி கலாய்ச்சுது, நானும் மறந்து போயி சிரிச்சுட்டேன். அண்ணன் கை சோத்துலயே நின்னுடுச்சு. அப்புறம் எழுந்து மாடிக்குப் போச்சு.

நான் பின்னாடியே ஓடினேன். கூண்டைத் தொறந்து, வெள்ளைவாலைக் கையில எடுத்துக்கினு நின்னுது. காலையில வுட்டா பொழுது சாயற வரைக்கும் கீழ எறங்காத புறா. அது பந்தயத்துல ஜெயிச்சுக் குடுத்த கப்பு எங்க வூட்டு டிவி மேல கீது. அண்ணன் விரல் பட்டா கழுத்தை நீட்டிக் குடுக்கும். அன்னிக்கும் அப்படித்தான் குடுத்துச்சு.

ஒரே ஒரு வார்த்தை. ஊசின்னு சொல்லியிருந்தா போதும். ஆனா அழகுக்காக இப்படிப் பண்ணிக்கினேன்னு எப்படிச் சொல்றது, சொத்தைப் பல்லுன்னு சொன்ன பொய்யை எங்க வெச்சுக்கிறது, மாப்பிள்ளை வூட்டுக்குத் தெரிஞ்சா இன்னா ஆவுறது. வாய் மட்டும் வேணாண்ணா, வேணாண்ணான்னுச்சு.

"கம்முனு இரு," அண்ணன் சொல்லிச்சு. "ஒருதபா வுட்டுட்டேன்."

தாடையில ரத்தத்தைத் தடவினப்போ எனக்குச் சூடே தெரியல. அந்த எடம்தான் மரத்துப் போயி இருந்ததே. வாசனை மட்டும் வந்துச்சு. சுடுதாம்மான்னு கேட்டுச்சு. சுடுதுண்ணான்னேன்.

டாக்டர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமா வாய் நேராயிடுச்சு. பாழாப்போன ரெட்டைத் தாடை மட்டும் போகல. அண்ணன் தெனம் காலையில என்னைச் சிரிக்கச் சொல்லிப் பாக்கும். ஹார்பர்ல, தெருவுல, மாடியில, எங்க போனாலும் புறா ரத்தத்தைப் பத்தித்தான் அண்ணனுக்குப் பேச்சு. எனக்கு ஒரு எடத்துல உக்கார முடியல.

கல்யாணத்தன்னிக்கு மண்டபத்துல, மேடைக்கு ஏறுறதுக்கு முன்னாடி அண்ணன் எங்கிட்ட வந்துச்சு. சிரின்னு சொல்லிச்சு. சிரிச்சேன். ரொம்ப நேரம் பாத்துக்கினே நின்னுது. அப்புறம் மெதுவா கேட்டுச்சு.

"அம்மாவுக்கும் அப்பவே அறுத்திருந்தா பொழைச்சிருப்பாங்க, இல்ல?"

"தெரியலண்ணா"ன்னு சொன்னேன்.

அண்ணன் தலையை ஆட்டிக்கினு பந்தி பாக்கப் போச்சு.