ஆர்த்ரோ கூட்டல் ஐட்டிஸ்

என் வீட்டுக்காரரை பஸ் ஒர்க்‌ஷாப்பில் ‘ஸ்பானர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கையில் கொடுத்தாலும் கழற்றிப் பார்க்காமல் விடமாட்டார். கல்யாணமான புதிதில் என் தையல் மிஷினைக் கழற்றினார். நான் போட்ட சத்தத்தில் அன்றைக்கே மாட்டியும் கொடுத்தார்.

இவருக்கு முழங்கால் வீங்கி டாக்டரிடம் போனோம். ஆர்த்ரைட்டிஸ் என்றார். இவர் முழித்த முழியைப் பார்த்து, “கிரேக்கச் சொல்லுங்க. ஆர்த்ரோன்னா மூட்டு, ஐட்டிஸ்னா அழற்சி,” என்று பிரித்துச் சொன்னார். அவ்வளவுதான், கால்வலிக்குப் போன மனுஷன் முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தார்.

“ஏம்மா, இங்கிலீஷும் ஸ்பேர் பார்ட்ஸ்தானா? இத்தனை வருஷம் ஒருத்தனும் சொல்லலையே!”

ஒர்க்‌ஷாப்பில் சூப்பர்வைசர் வேலை காலியாக இருந்தது. மேனுவல் எல்லாம் இங்கிலீஷ் என்பதால் வார்த்தைப் பரீட்சை உண்டு. பாஸானால் பஸ்ஸுக்கு அடியில் குந்த வேண்டாம், நாற்காலியில் உட்காரலாம். இல்லாவிட்டால் அந்தக் கால் எத்தனை நாள் தாங்குமோ. கால் விஷயம் தெரிந்தால் மேனேஜர் வீட்டுக்கே அனுப்பிவிடுவார் என்று பயந்து, இவர் அங்கே மூச்சு விடவில்லை.

வேர்ச்சொல் புத்தகம் ஒன்று வந்தது. வீடு படாத பாடு பட்டது. குளிக்கச் சோம்பல்படும் என் தம்பியிடம், “ஹைட்ரோன்னா தண்ணி, ஃபோபியான்னா பயம். மச்சானுக்கு ஹைட்ரோஃபோபியா!” என்றார். அவன் மருந்துக்கடையில் போய்க் கேட்டிருக்கிறான். வெறிநாய்க்கடி நோயாம்! அப்புறம் எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

ஸ்கூட்டர் நடுரோட்டில் நின்றபோதும் பாடம்தான். “ஆட்டோ கிரேக்கம், ‘தானா’. மொபைல் லத்தீன், ‘நகருறது’.”

“தானா நகருற லட்சணத்தைத்தான் பார்க்கிறேனே. நீங்க தள்ளுங்க!”

பரீட்சை எழுதிவிட்டு வந்தவருக்குத் தலைகால் புரியவில்லை. “கடைசிக் கேள்வி, பிடிச்ச வார்த்தையைப் பிரிச்சு உதாரணத்தோட விளக்கணும். பிச்சு உதறிட்டேன்!”

“எந்த வார்த்தைங்க?”

“ஆர்த்ரைட்டிஸ்.”

“உதாரணம்?”

“என் முழங்கால்தான். எங்கே வீங்கும், பஸ்ஸுக்கு அடியிலேருந்து எப்படிக் கையை ஊன்றி எழுந்திரிக்கிறேன், எல்லாத்தையும்...” பாதியில் நின்றார். முகம் செத்துப்போனது.

“அட என் புத்திசாலியே!” என்று கத்தினேன். கத்தினேனே தவிர, எனக்கு அழுகைதான் முட்டியது.

மறுநாள், பேப்பர் திருத்திய மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். சாயங்காலம் இவர் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

“வாயைத் திறந்து சொல்லுங்களேன்!”

“‘இவ்வளவு வலியோட ஏன்யா வாயை மூடிக்கிட்டு இருந்தே?’ன்னு கேட்டார். அப்புறம் எழுந்துபோய்க் கதவைச் சாத்திட்டு, தன்னோட பேன்ட்டை முழங்காலுக்கு மேல சுருட்டினார். வீங்கிப் போயிருக்கு! ‘உனக்கு வலது, எனக்கு இடது’ன்னார்.”

“வேலை?”

“மார்க்குலயும் நான்தான் முதலாம். நாளையிலேருந்து நாற்காலி. ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுக்கிட்டார்: ‘என் காலை மட்டும் எங்கேயும் உதாரணமா எழுதிடாதேய்யா.’”