துண்டுக்குள் பேசியது மாட்டின் விலைதான்

அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலரை வாங்கும் உறவினர்களே, அந்த வழக்கைப் பற்றி இவள் எழுதியிருப்பாளா என்றுதான் முதலில் புரட்டுவீர்கள். எழுதத்தான் போகிறேன். மூடி மறைத்தால் அப்பாவுக்குப் பிடிக்காது.

அப்பா வடமதுரைப் பக்கம் பிறந்தவர். சிறுவயதிலேயே தகப்பனாரை இழந்து, தாய்மாமனோடு சந்தைக்குப் போய் மாட்டுத் தரகரானவர். பல்லைப் பார்த்து வயது சொன்னாரென்றால் மறுபேச்சில்லை. உதைக்கிற மாட்டை உதைக்கும் என்று சொல்லியே விற்பார். பாதி வியாபாரம் அதிலேயே கெடும். அம்மா திட்டுவார். அப்பா சிரித்துக்கொண்டே சாப்பிடுவார்.

எங்கள் சந்தையில் விலையை வாய்விட்டுச் சொல்வதில்லை. கைமேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள். அப்படி ஒருவரிடம் அப்பா பேசினார். விலை படியவில்லை, மாடும் கைமாறவில்லை. பேசியது மாட்டு விலைதான் என்று காட்ட ஒன்றும் இல்லாமல் போனதே வினையாயிற்று. மறுவாரம் அந்த ஆள் வரப்புத் தகராறில் ஒருவரை வெட்டிக் கொன்றுவிட்டார். இருவரும் துண்டுக்குள் ரகசியம் பேசியதைப் பார்த்ததாக ஒரு சாட்சி சொன்னார். வேறு மாடு இருக்கிறதா என்று அந்த ஆள் அப்பாவுக்கு நாலு தடவை போன் செய்திருந்தார். இவ்வளவுதான். கூட்டுச் சதி என்று அப்பாவுக்கும் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள்.

மேல்முறையீட்டில் வக்கீல் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: பேசியதைப் பார்த்தவர் இருக்கிறார், கொலையைப் பற்றித்தான் பேசினார்கள் என்பதற்கு யார் இருக்கிறார்கள்? யாரும் இல்லை என்று சொல்லி அப்பாவை விடுவித்தார்கள். அதற்குள் நான்கு வருடம் சிறையில் கழிந்திருந்தது. அம்மாவும் காலமாகிவிட்டார். “ஆதாரம் பத்தலைன்னுதான விட்டாங்க” என்றது ஊர். சந்தையில் யாரும் அப்பாவிடம் கை நீட்டவில்லை.

ஊரை மட்டும் ஏன் சொல்ல வேண்டும்? அப்பா வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், சோறு போட்டுக்கொண்டே நானும் கேட்டேன்.

“நெசமாவே உங்களுக்கு ஒண்ணும் தெரியாதாப்பா?”

அப்பா தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. “கோர்ட்டுல கேட்டாங்க, சொன்னேன். நீ கேட்டா நான் என்னத்தச் சொல்ல, தாயி?” என்றார்.

அதன்பிறகு எட்டு மாதம்தான் இருந்தார். என்னிடம் ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. ஒரு தடவை திட்டியிருந்தால்கூட என் மனம் ஆறியிருக்கும்.

கடைசிவரை வழக்கை நடத்திய வக்கீல் ஐயாவுக்கும், அப்பா நோயில் கிடந்தபோது ஆஸ்பத்திரியில் மாறி மாறித் துணைக்கிருந்த சித்தப்பா பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். விடுதலையாகி வந்த அன்று, “வாண்ணே, சாப்டுவோம்” என்று அப்பாவைக் கையைப் பிடித்து அழைத்துப்போன பக்கத்து வீட்டுப் பாய்க்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. அவர் எதையும் கேட்கவில்லை. பெற்ற மகள் நான் கேட்டேன்.

அப்பா, உங்களை நம்புவதற்கு எனக்கு ஆதாரம் தேவைப்பட்டிருக்கக் கூடாது. மன்னித்துவிடுங்கள்.

– இளைய மகள்