குழி வெட்டியவனுக்குத் துண்டு

"உனக்கெதுக்குடி இது? பொலிஸ்காரன் செத்த கதையைக் கேட்டு நீ என்ன, கோட்டுல வாதாடப் போறியா? போயி அடுப்பைப் பாரு!"

யார் வந்து கேட்டாலும் முதலில் இப்படித்தான் திட்டுவேன். திட்டியும் எழுந்து போகாதவர்களுக்கு மட்டும் சொல்வேன். நீங்களும் இன்னும் போகவில்லை. சரி, கேளுங்கள். ஆனால் நடுவில் உச்சுக் கொட்டக் கூடாது. எங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லாரும் நன்றாக உச்சுக் கொட்டுவார்கள். வாயை அதற்கு மட்டும்தான் திறப்பார்கள்.

ஸ்பிரிங்வெளிக்குப் போகிற பாதையில், எங்கள் தோட்டத்துக்குக் கீழே ஒரு பாலம் இருக்கிறது. கொழுந்து பறிக்கிற வேலையிலிருந்து நின்ற பிறகு நான் அந்தப் பாலத்தடியில் வடை சுட்டு விற்றேன். தோட்டத்துக் காட்டில் மரத்தைத் திருட்டுத்தனமாக அறுத்து லொறியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள் என்று, வாகனங்களை நிறுத்திப் பார்க்க அங்கே ஒரு பொலிஸ்காரப் பையனைப் போட்டார்கள். சிங்களப் பையன். மீசை முளைக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த முகம். மழையில் நனைந்த கோழி மாதிரி நிற்பான்.

"ஆச்சி, வடை சூடு இருக்கா?" என்பான்.

"சூடாத்தான் இருக்கு. நீதான் ஆறிப் போயி நிக்கிற" என்பேன். பாதி புரியும். முழுசாகச் சிரிப்பான்.

தமிழில் வாகனத்தை எப்படி நிறுத்தச் சொல்வது என்று ஒருநாள் கேட்டான். 'வாங்க மாப்பிள்ளை' என்று சொல்லிக்கொடுத்தேன். அன்றைக்கெல்லாம் ஒவ்வொரு லொறிக்காரனிடமும் கையைக் காட்டி "வாங்க மாப்பிள்ளை" என்றான். அவர்கள் சிரித்துக்கொண்டே நிறுத்தினார்கள். அர்த்தம் தெரிந்த பிறகும் அவன் அதை விடவில்லை. நன்றாக வேலை செய்கிறதே, எதற்கு விட வேண்டும்?

எங்கள் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவரின் ஆத்தாள் செத்த மறுநாள், அவளைப் புதைக்கிற அன்று, நான் வடைச்சட்டி வைக்கவில்லை. எல்லாரும் சாவு வீட்டில் இருந்தோம். என் மருமகனும் வேறு மூன்று பேரும் விடிந்ததிலிருந்து குழி வெட்டினார்கள். பாதி வெட்டியதும் பாறை வந்துவிட்டது. தள்ளி இன்னொரு குழி. அதனால் பிணத்தை எடுக்கப் பிற்பகல் தாண்டிவிட்டது. நாங்கள் மண்ணள்ளிப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் கீழே பாலத்தில் ஒரு மர லொறி வந்திருக்கிறது. பையன் கையைக் காட்டியிருக்கிறான். லொறி நிற்கவில்லை. அவன் மேலேயே ஏறிப் போய்விட்டது.

கடமையில் நின்றவன். நடுப்பாதையில். நாய் மேல் ஏற்றினால்கூட இறங்கிப் பார்க்கிறவன் உண்டு.

பாலத்துக்கு ஓடிப் பார்த்துவிட்டு நான் அழுதுகொண்டு லயத்துக்கு ஏறி வருகிறேன், எங்கள் வாசலில் ஜீப் நிற்கிறது. அந்த லொறியில் என் மருமகன்தான் உதவியாளாகப் போவான். அன்றைக்கு அதை ஓட்டியது லொறி முதலாளியின் மகன். ஆனால் முதலாளி பொலிஸில் போய், "அவன் என்கிட்ட கேட்காம லொறியை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்" என்று சொல்லிவிட்டார்.

"ஐயா, அவனுக்கு லொறி ஓட்டத் தெரியாது. கதவைத் திறக்க மட்டுந்தான் தெரியும். அதையும் பாதி நாள் மூட மறந்துடுவான்" என்றேன்.

"மாமியார் அப்படித்தான் சொல்லுவீங்க" என்றார் ஜீப்பில் வந்தவர். உலகத்தில் எந்த மாமியார் மருமகனுக்காகப் பொய் சொல்லியிருக்கிறாள்? அதைக்கூட அந்த மனுசர் யோசிக்கவில்லை. என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஜீப்புக்குப் பின்னால் ஓடினாள். அப்போது அவளுக்கு நிறை மாதம். போகும்போது அவன் நகக்கண்ணில் குழிமண் இருந்தது. தோட்டத்தில் யார் நகத்தில் மண் இல்லை என்று பொலிஸ்காரர்கள் கேட்டார்கள்.

பதுளை கோட்டில் அவனை ரிமாண்டில் போட்டார்கள். வாசலில் வெள்ளைச் சேலையோடு ஒரு அம்மா நின்றாள். செத்த பையனின் தாய். நான் யார் வீட்டு ஆள் என்று யாரோ காட்டிக்கொடுத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்துக் காறித் துப்பினாள். என் மேல் விழவில்லை. விழுந்திருந்தாலும் துடைத்திருக்க மாட்டேன். அவள் இடத்தில் நான் நின்றிருந்தால் இன்னும் கிட்ட வந்து துப்பியிருப்பேன்.

எங்களுக்குப் பேசிய லோயர் யாழ்ப்பாணத்துக்காரர். "அம்மா, அந்த நேரம் அவர் குழி வெட்டிக்கொண்டு நிண்டவர் எண்டு ஒரு ஆள் வந்து சொன்னாலே காணும்" என்றார்.

ஒரு ஆள் போதுமா? லயம் முழுக்க ஆள் இருக்கிறதே என்று சந்தோஷமாக வந்தேன். மடச்சி. நேரே தலைவர் வீட்டுக்குப் போனேன்.

"தலைவரே, உங்க ஆத்தாவுக்குக் குழி வெட்டுனது யாரு?"

"பெரியம்மா, நானே துக்கத்துல இருந்தேன். யாரு வந்தா, யாரு போனான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"வெட்டுனவங்களுக்குச் சாராயம் கொண்டாந்து குடுத்தது நீங்கதானே? போத்தல் நெனப்புல இருக்கு, குடிச்ச வாய் நெனப்புல இல்லையா?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "முதலாளி நமக்கு வேண்டியவரு. நம்ம கோயிலுக்குக் கூரைத் தகரம் போட்டுக் குடுத்தவரு. கோட்டு பாத்துக்கும். நீங்க கொஞ்சம் பேசாம இருங்க."

சாமிக்குத் தகரம், என் மருமகனுக்குக் கம்பிக்கூண்டு. நல்ல வியாபாரம்! குழி வெட்டிய மற்ற மூன்று பேரிடமும் போனேன். தலைவர் சொன்னால் நாங்களும் சொல்கிறோம் என்றார்கள். கூடவே தின்று வளர்ந்த சிநேகிதர்கள். ஒருத்தன் அழுதேவிட்டான். அழுகையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, அதை லோயரிடம் கொண்டுபோய்க் கொடுக்கவா? என் மகள் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பிறந்து வளர்ந்து அப்பன் எங்கே என்று கேட்டால், கொலைகாரன், உள்ளே இருக்கிறான் என்று இந்த லயமே சொல்லும். அப்போது மட்டும் வாய் வந்துவிடும்.

அப்படியே தலைவர் ஆத்தாளின் கருமாதி வந்தது. எங்கள் தோட்டத்தில் ஒரு வழக்கம். குழி வெட்டியவர்களுக்குக் கருமாதியில் புதுத்துண்டு போட வேண்டும். போட்ட பிறகுதான் படையலை எடுப்பார்கள். படையலை எடுத்த பிறகுதான் சோறு. தலைவர் பெரிய கூட்டத்தை அழைத்திருந்தார். அரசாங்கத்து ஆளான கிராம சேவகர்கூட வந்திருந்தார். சிங்களவர், ஆனால் தமிழில் சண்டை போடுகிற அளவுக்குத் தமிழ் தெரியும். ஆட்டுக்கறி கொதிக்கிற வாசனை மேட்டு லயம் வரைக்கும் போனது.

சடங்கு செய்கிற பண்டாரம், "குழி வெட்டுனவங்க வாங்க" என்று கூப்பிட்டார். மூன்று பேர் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். தட்டைப் பார்த்தேன். மூன்று துண்டு. துக்கத்தில் யார் வந்தார் என்று தெரியாத மனுசருக்கு, எத்தனை துண்டு வாங்க வேண்டும் என்பது மட்டும் எவ்வளவு சரியாகத் தெரிந்திருக்கிறது! எனக்கு உச்சியில் நெருப்பு வைத்தது போல் இருந்தது. போய் நாலாவது ஆளாகப் பாயில் உட்கார்ந்து கையை நீட்டினேன்.

"பெரியம்மா, இது ஆம்பளைங்க எடம்" என்றார் தலைவர்.

"தெரியும். ஆம்பளை உள்ள இருக்கான். என் மருமகன் துண்டை என் கையில குடுங்க, நான் போயிடுறேன்."

பண்டாரம் தலைவரைப் பார்த்தார். "அவனும் வெட்டினானா? வெட்டுன கைக்குத் துண்டு போடாம நான் படையலைத் தொட மாட்டேன். செத்தவ நிம்மதியாப் போக மாட்டா."

நான் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினேன்.

"வெட்டலன்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்க. இந்தா, செத்தவ படம் இருக்கு. இது முன்னால வந்து நின்னு சொல்லிட்டுப் போங்க. நான் எந்திரிக்கிறேன்."

வரவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை. காலை நன்றாக மடித்துப்போட்டு, வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினேன். மத்தியானம் தாண்டியது. பிள்ளைகள் சிணுங்கின. பந்தியில் போட்ட வாழை இலைகள் காற்றில் புரண்டன. கடைசியில் பின்வரிசையிலிருந்து ஒரு சத்தம்.

"பாறை வந்தப்ப கடப்பாரையைப் புடிச்சதே அவன்தானேப்பா! குடுத்துத் தொலைங்க, கறி ஆறுது!"

அவ்வளவுதான். "ஆமா, ரெண்டாவது குழிக்கு எடம் பார்த்ததும் அவன்தான்." "கடைசி மண்ணு தள்ளுற வரைக்கும் நின்னானே." ஆளாளுக்குப் பேசினார்கள். நியாயம் கேட்டபோது திறக்காத வாயெல்லாம் ஆட்டுக்கறிக்குத் திறந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

கிராம சேவகர் எழுந்து வந்தார். "யாரைச் சொல்றீங்க? ரிமாண்ட்ல இருக்கிற அந்த ஆளையா? அவர் அன்னைக்கு இங்கயா இருந்தார்?"

தலைவர் தட்டைப் பார்த்தார். அதில் நாலாவது துண்டு இல்லை. தன் தோளில் கிடந்த துண்டையே எடுத்து என் கையில் வைத்தார். வியர்வையில் ஈரமாக இருந்தது. வாங்கிக்கொண்டேன். கறிச்சோறும் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தேன். உப்புக் கொஞ்சம் குறைவு.

அதற்குப் பிறகு மறைக்க முடியவில்லை. கிராம சேவகர் சொல்ல, குழி வெட்டிய மூன்று பேரும் பொலிஸில் வாக்குமூலம் கொடுத்தார்கள். தலைவரும் கொடுத்தார். கோட்டில் அடுத்த தவணையில், இவனுக்கு எதிராகச் சொல்ல ஒன்றுமில்லை என்று பொலிஸே சொல்ல, நீதவான் ஐயா மருமகனை விட்டார். பேத்தி பிறந்தபோது அப்பன் வீட்டில் இருந்தான். குறட்டை விட்டுக்கொண்டிருந்தான் என்பது வேறு கதை. முதலாளியின் பொய் உடைந்ததும் அவர் மகன் பெரிய பெரிய லோயர்களோடு வந்து சரணடைந்தான்.

மருமகனை விட்ட அன்றைக்கு அந்த வெள்ளைச் சேலை அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எனக்குத் தெரிந்தது கடைத்தெருச் சிங்களம். வீட்டுக்கு வரும்போதெல்லாம் மகன் வாசலில் நின்று "வாங்க மாப்பிள்ளை" என்பானாம். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள்.

"நில்லுங்கன்னு அர்த்தம்" என்றேன்.

வழக்கு மேல்கோட்டுக்குப் போய்விட்டது. ஒருநாள் அவர்களுடைய லோயருக்குச் சுகமில்லை. ஒருநாள் சாட்சி வரவில்லை. ஒருநாள் ஏதோ கடதாசி வரவில்லை. கொன்றவன் பிணையில் வெளியே இருந்துகொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, தவணை வாங்கிக்கொண்டு போகிறான். அந்த அம்மா எங்கிருந்தோ மூன்று பஸ் மாறி வந்து, வெறும் கையோடு திரும்பிப் போகிறாள். அவளை அங்கே தனியாக உட்கார வைக்க எனக்கு மனசு வரவில்லை. நானும் ஒவ்வொரு தவணைக்கும் வடை கட்டிக்கொண்டு போகிறேன்.

போன தவணை முடிந்து திரும்பியபோது பக்கத்து வீட்டுப் பெண்கள் பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏன்க்கா, உங்க மருமகன்தான் வந்துட்டாருல்ல? இன்னும் எதுக்குக் கோட்டுக்கு அலையுறீங்க? நாங்கல்லாம் அவரு வெட்டலன்னு என்னைக்காவது சொன்னோமா?" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் உச்சுக் கொட்டினார்கள்.

குடையை மடக்கினேன்.

"நல்லாக் கேட்டுக்கங்கடி. நான் செத்தா என் மருமகன் ஒருத்தனே குழி வெட்டிக்குவான். கடப்பாரை புடிச்சுப் பழக்கம் இருக்கு. நீங்க யாரும் மெனக்கெட்டு வராதீங்க. வந்தாலும், நாளைக்கு ஒருத்தன் கேட்டா, வரலன்னுதானே சொல்லப் போறீங்க?"